பழைய புடவையில் சுருக்குப் பை: கொலுத் தாம்பூலத்துக்கு வீட்டிலேயே தைக்க முழு வழிகாட்டி

நவராத்திரிக்கு வீட்டுக்கு வருபவர்களுக்குத் தாம்பூலம் கொடுக்க, பழைய புடவையிலிருந்து சுருக்குப் பை தைப்பது பற்றியது இது. எங்கள் குடியிருப்பில் சில வருடங்களாக நான் தைக்கிறேன், கேட்பவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன். புதிதாகத் தைக்கிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் தையலில் இல்லை, வரிசையில்தான். முதலில் செய்ய வேண்டியதை மூன்றாவதாகச் செய்துவிட்டுப் பிரித்துப் பிரித்துத் தைப்பார்கள். அதனால் இங்கே வரிசையும் அதற்கான காரணமும்தான் முக்கியம்.

கீழே உள்ள அளவுகள், முழுத் தேங்காய் வைக்கிற பைக்கானவை. 20 பை என்று கணக்கு வைத்திருக்கிறேன்.

1. உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள்?

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன், பைக்குள் வைக்கப்போகும் எல்லாவற்றையும் மேஜையில் எடுத்து வையுங்கள். தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி, கண்ணாடி, சீப்பு என்று உங்கள் வீட்டு வழக்கப்படி எதுவோ அதெல்லாம். பையின் அளவு துணியிலிருந்து வருவதில்லை, இந்தக் குவியலிலிருந்து வருகிறது.

போன வருடம் பக்கத்து வீட்டுப் பெண் அழகாக 20 பை தைத்து முடித்தாள். தேங்காய் உள்ளே போனது. ஆனால் வாய் மூடவில்லை, கயிற்றை இழுத்தால் தேங்காயின் தலை வெளியே தெரிந்தது. கடைசியில் அவற்றில் மஞ்சள் குங்குமம் மட்டும் வைத்து, தேங்காயைத் தனியாகக் கையில் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரே ஒரு தேங்காயை முதலில் அளந்திருந்தால் போதும்.

அளக்கும் முறை இதுதான். தேங்காயின் பருத்த பகுதியை டேப்பால் சுற்றி அளங்கள். 13 இன்ச் வருகிறது என்றால் அதோடு 5 கூட்டுங்கள், 18. அதில் பாதி 9. இதுதான் தைத்து முடித்த பையின் அகலம். அந்த 5 இன்ச், மற்ற பொருட்களுக்கும் கை நுழைவதற்கும்.

உயரத்துக்கு, தேங்காயின் உயரம் 5, அதன் பருமன் 4, மேலே கொசுவத்துக்கு 3, ஆக 12 இன்ச். பருமனை ஏன் கூட்ட வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். துணி தேங்காயின் அடியைச் சுற்றி வரப் பாதி செலவாகிறது, மேலே மூடி வர மீதிப் பாதி செலவாகிறது. இதை விட்டவர்களுக்குத்தான் வாய் மூடாது.

தேங்காய் வேண்டாம், சின்னப் பை போதும் என்றால் 6 இன்ச் அகலமும் 8 இன்ச் உயரமும் தாராளம்.

2. புடவையைத் தேர்ந்தெடுப்பது

முதல் வேலை, அந்தப் புடவை யாருடையதோ அவர்களிடம் கேட்பது. பீரோவின் அடியில் பத்து வருடமாகக் கிடக்கிறது என்பதற்காக அது வேண்டாத புடவை ஆகிவிடாது. அம்மாவிடமோ மாமியாரிடமோ எடுத்துக் காட்டி, இதை வெட்டலாமா என்று கேட்டுவிடுங்கள். முந்தானையை மட்டும் வெட்டாமல் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள் சிலர். அதற்கு இடம் விட்டுத்தான் மீதியைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

அடுத்து, துணிக்கு இன்னும் வலு இருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால் நைந்த இடங்கள் மெல்லிய கோடாகத் தெரியும். பட்டுப் புடவை பெரும்பாலும் மடிப்பில்தான் விடும், ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் இருந்திருக்கும். இரண்டு கையாலும் பிடித்து நீளவாட்டில் ஒரு முறை, அகலவாட்டில் ஒரு முறை அழுத்தி இழுங்கள். சர்ரென்று சத்தம் வந்தால் அந்தப் பகுதி பைக்கு ஆகாது. சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்குங்கள்.

பட்டா, பாலியஸ்டரா என்று சந்தேகமாக இருந்தால் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, அடுப்பிலிருந்து தள்ளி, தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள். பட்டு, முடி கருகுகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். பருத்தி காகிதம் மாதிரி எரியும். இது தெரிந்தால்தான் இஸ்திரிப் பெட்டியின் சூட்டை முடிவு செய்ய முடியும்.

முதல் முறை தைக்கிறீர்கள் என்றால் பருத்திப் புடவையில் தொடங்குங்கள். பட்டு வழுக்கும், அதோடு பிரித்துத் தைத்தால் ஊசி போன ஓட்டை அப்படியே நிற்கும்.

3. மற்ற பொருட்கள்

உள் துணிக்குக் காடாத் துணியோ (வெளுக்காத முரட்டுப் பருத்தி) சாதாரண லைனிங் பருத்தியோ போதும். 44 இன்ச் அகலத் துணியில் 20 பைக்கு 3.3 மீட்டர் ஆகும். துவைத்தால் சுருங்கும் என்பதால் 4 மீட்டராக வாங்குங்கள். நிறைய வாங்குவதாக இருந்தால் சென்னை பாரிமுனையில் உள்ள கோடவுன் தெரு. கொஞ்சம் போதும் என்றால் உங்கள் ஏரியா லைனிங் கடையே சரி. கோடவுன் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

கயிறு ஒரு பைக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 28 இன்ச். 20 பைக்குச் சுமார் 28 மீட்டர் வரும், 30 ஆக வாங்கலாம். பளபளவென்று இருக்கும் சாட்டின் கயிறு இழுக்கச் சுலபம், ஆனால் தானாக அவிழ்ந்துவிடும். தேங்காய் கனத்துக்குப் பருத்திக் கயிறுதான் பிடித்து நிற்கும்.

மெஷின் ஊசி பட்டுக்கு 11ஆம் நம்பர், பருத்திக்கு 14ஆம் நம்பர். தேய்ந்த ஊசி பட்டில் நூலை இழுத்துக் கோடு போட்டுவிடும், புது ஊசி மாட்டிக்கொண்டு தொடங்குங்கள். கூடவே டேப், சாக்பீஸ், குண்டூசி, இரண்டு ஊக்கு, தடித்த அட்டை ஒன்று.

மெஷின் இல்லாதவர்கள் கையாலும் தைக்கலாம். பக்கங்களுக்கு ஓட்டுத் தையல் போடாதீர்கள், தேங்காய் கனத்தில் இளகிவிடும். ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் கொண்டுவந்து குத்தும் பின் தையல் போடுங்கள். எனக்குக் கையால் ஒரு பைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதனால் கையால் தைப்பவர்கள் பத்துப் பையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

4. துவைத்துக் காயவைப்பது

இதை ஆவணியிலேயே முடித்துவிடுங்கள். புரட்டாசியில் சென்னையில் சாயங்கால மழை ஆரம்பித்துவிட்டால் துணி காய்வதற்கே இரண்டு நாள் போகும்.

காடாத் துணியை வெட்டுவதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். புடவை பல முறை துவைத்தது, அது சுருங்க வேண்டிய அளவு சுருங்கிவிட்டது. புதுக் காடா அப்படியில்லை. நனைக்காமல் தைத்தால், பையை வாங்கிப் போனவர்கள் ஒரு முறை துவைத்ததும் உள் துணி சுருங்கி வெளித் துணி கொசகொசவென்று நிற்கும்.

பருத்திப் புடவையில் கஞ்சி இருந்தால் அலசி எடுத்துவிடுங்கள். கஞ்சி விறைப்பில் வாய் சுருங்காது. பட்டை நனைக்க வேண்டாம், அந்துருண்டை வாசனை போக நிழலில் இரண்டு நாள் காற்றாட விட்டால் போதும். வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும்.

காய்ந்ததும் எல்லாவற்றையும் இஸ்திரி போடுங்கள். ஜரிகை மேல் பெட்டியை நேராக வைக்காமல் ஒரு மெல்லிய வேட்டித் துணியை மேலே விரித்துத் தேயுங்கள்.

5. அட்டை மாதிரியும் வெட்டும் திசையும்

தடித்த அட்டையில் 10 இன்ச்சுக்கு 13 இன்ச் செவ்வகம் ஒன்று வெட்டுங்கள். 9க்கு 12 என்ற முடிந்த அளவோடு, நான்கு பக்கமும் அரை இன்ச் தையலுக்கு. ஒவ்வொரு துண்டையும் டேப் வைத்து அளந்தால் இருபதாவது துண்டு அரை இன்ச் மாறியிருக்கும். அட்டை இருந்தால் மாறாது.

ஒரு பைக்குப் புடவையில் 2 துண்டு, காடாவில் 2 துண்டு. ஒரே நீளத் துண்டை அடியில் மடித்துத் தைத்தால் ஒரு தையல் மிச்சம்தானே என்று கேட்பார்கள். மிச்சம்தான். ஆனால் புடவையில் மயிலோ யானையோ இருந்தால் பையின் ஒரு பக்கம் நிமிர்ந்தும் மறுபக்கம் தலைகீழாகவும் நிற்கும். சாதாக் கட்டத்துக்கு மட்டும் மடிக்கலாம்.

அட்டையின் 13 இன்ச் பக்கம் புடவையின் அகலவாட்டில் வர வேண்டும். உடுத்தும்போது எது மேலிருந்து கீழே இருக்குமோ, அதுவே பைக்கும் மேலும் கீழும் ஆகிறது. பொதுவாகப் புடவை 45 இன்ச் அகலம், ஐந்தரை மீட்டர் நீளம். அகலத்தில் 3 துண்டு, நீளத்தில் 21 துண்டு, ஆக 63. அதாவது 31 பைக்குக் கணக்கு வரும். முந்தானையும் நைந்த இடமும் போக 20 கிடைத்தால் நல்ல புடவை.

பார்டர் உள்ள துண்டில், பார்டர் பையின் அடியில் வர வேண்டும். வாயில் வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று தோன்றும், நானும் முதலில் அப்படித்தான் வைத்தேன். ஜரிகை விறைப்பாக இருப்பதால் கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் வாய் பாதியில் நின்றுவிட்டது. மேல்பக்கப் பார்டரை அடிக்குக் கொண்டுவந்தால் புட்டா தலைகீழாகும் என்றால், அந்தப் பார்டரைத் தனியாக வெட்டி வையுங்கள். வேறு வேலைக்கு உதவும்.

பட்டு மெல்லியதாக இருந்தால், இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸை அதன் பின்பக்கம் ஒட்டிவிட்டு வெட்டலாம். ஆனால் வாயிலிருந்து 3 இன்ச் வரை ஒட்டாமல் விடுங்கள், காரணம் அதேதான், சுருங்க வேண்டும்.

6. ஒரே ஒரு பையை முழுதாகத் தைத்துப் பாருங்கள்

எல்லாத் துண்டையும் வெட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் வெட்டி, கீழே 7, 8, 9 எல்லாம் முடித்து, அதில் தேங்காய் முதல் குங்குமம் வரை வைத்து, கயிற்றை இழுத்துக் கட்டி, பத்து நிமிடம் கையில் தொங்கவிட்டு வீட்டுக்குள் நடங்கள். வாய் மூடுகிறதா, தையல் விடுகிறதா, தூக்கக் கை வலிக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். அளவை மாற்ற வேண்டும் என்றால் அட்டையை மாற்றினால் முடிந்தது.

இது சரியாக வந்த பிறகு மீதி 19ஐயும் ஒன்றாகச் செய்யுங்கள். வெட்டுவது ஒரு நாள், மேல் தையல் எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில், பக்கத் தையல் எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில். ஒவ்வொரு பையாக முடித்துக்கொண்டே போனால் நூல் மாற்றுவதிலும் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றுவதிலும் பாதி நேரம் போய்விடும்.

7. தையல் வரிசை

முதலில் மேல் தையல். ஒரு புடவைத் துண்டின் நல்ல பக்கமும் ஒரு காடாத் துண்டும் ஒன்றையொன்று பார்க்க வைத்து, வாய் வரும் 10 இன்ச் ஓரத்தை மட்டும் அரை இன்ச் உள்ளே தையுங்கள். விரித்தால் பாதி புடவை, பாதி காடா என்று நீளமான ஒரு துண்டு கிடைக்கும். இதே மாதிரி இன்னொன்று. தைத்த இடத்தைத் தேய்த்துப் படியவையுங்கள். இப்போது தேய்க்காவிட்டால் பிறகு பையின் வாய் உருண்டு நிற்கும், அப்போது உள்ளே பெட்டி போகாது.

அடுத்து குறி போடுவது. இதை விட்டுவிட்டுத்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். புடவைப் பகுதியில், மேல் தையலிலிருந்து 2 இன்ச் கீழே ஒரு கோடு, அதற்கு முக்கால் இன்ச் கீழே இன்னொரு கோடு, இரண்டு பக்க ஓரத்திலும். இந்த முக்கால் இன்ச்தான் கயிறு நுழையும் வாசல், இதைத் தைக்கக் கூடாது. காடாவின் அடி ஓரத்திலும் நடுவில் 4 இன்ச்சுக்குக் குறி போடுங்கள். அந்த வழியாகத்தான் பையைத் திருப்பப் போகிறோம்.

பிறகு இரண்டு நீளத் துண்டையும் நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி, புடவை மேல் புடவை, காடா மேல் காடா என்று வையுங்கள். மேல் தையல்கள் இரண்டும் நேருக்கு நேர் சந்திக்கிற இடத்தில் குண்டூசி குத்துங்கள். அது கால் இன்ச் விலகினாலும் பையின் வாய் ஏறி இறங்கித் தெரியும்.

இப்போது சுற்றிலும் அரை இன்ச் உள்ளே தையுங்கள். பக்கத்து இரண்டு வாசலையும் அடியின் 4 இன்ச்சையும் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு இடைவெளிக்கும் முன்னாலும் பின்னாலும் இரண்டு மூன்று தையல் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டிப்படுத்துங்கள். பையை இழுத்து மூடும்போது முழு இழுப்பும் அந்த முனைகளில்தான் விழுகிறது. பழைய பட்டு என்றால் தையலைக் கொஞ்சம் நீளமாக வையுங்கள், நெருக்கமாகக் குத்தினால் அந்த வரிசையிலேயே கிழியும்.

நான்கு மூலையிலும் தையலுக்கு வெளியே உள்ள துணியைச் சாய்வாக வெட்டுங்கள். அப்படியே விட்டால் திருப்பிய பிறகு மூலை மொத்தையாக இருக்கும். தையலை வெட்டிவிடாமல் இரண்டு நூல் தள்ளியே நிறுத்துங்கள்.

அடியில் விட்ட 4 இன்ச் வழியாகப் பையை மெதுவாக வெளியே இழுங்கள். மூலைகளைப் பென்சிலின் மொட்டைப் பக்கத்தால் தள்ளிவிடுங்கள், கத்தரி முனை வேண்டாம். பிறகு அந்த இடைவெளியின் ஓரங்களை உள்ளே மடித்துத் தைத்து மூடி, காடாவைப் பைக்குள் தள்ளுங்கள். தையல் பிசிறு எதுவும் வெளியே தெரியாத பை கையில் இருக்கும்.

8. கயிறு ஓடும் வழி

வாயைச் சுற்றி நன்றாகத் தேய்த்துவிட்டு, வாசலின் மேல் முனைக்கு நேராக ஒரு சுற்றும் கீழ் முனைக்கு நேராக ஒரு சுற்றும் தையுங்கள். இரண்டு துணியும் சேர்ந்து பிடிபட வேண்டும்.

இதை ஏன் தட்டையாக இருக்கும்போதே தைக்கவில்லை என்று கேட்கலாம். துண்டாக இருக்கும்போது தைப்பது சுலபம்தான். ஆனால் அதற்குப் பிறகு பக்கத் தையல் அதன் மேல் ஓடி வாசலையே அடைத்துவிடும். சுற்றாகத் தைப்பது கஷ்டமாக இருந்தால் மெஷினின் பக்கப் பலகையைக் கழற்றி, கை மாதிரி நீண்டு நிற்கும் பகுதியில் பையை மாட்டி ஓட்டுங்கள்.

வாயிலிருந்து 2 இன்ச் கீழே வைப்பதால், இழுத்ததும் மேலே ஒரு பூ மாதிரி விரியும். வாய் ஓரத்திலேயே வைத்தால் அந்த விரிப்பு வராது, கயிறும் துருத்திக்கொண்டு தெரியும்.

9. கயிறு கோர்ப்பது

பாவாடைக்கு நாடா கோர்ப்பது போலத்தான். கயிற்று முனையில் ஊக்கு மாட்டி, வலது வாசலில் நுழைத்து, முழுச் சுற்றும் போய், அதே வலது வாசலில் வெளியே எடுங்கள். இரண்டாவது கயிற்றை இடது வாசலில் நுழைத்து, அதே மாதிரி சுற்றி, இடது பக்கமே எடுங்கள். இரண்டையும் எதிரெதிராக இழுத்தால் வாய் நடுவில் சமமாக மூடும். ஒரே கயிறு போட்டால் ஒரு பக்கம் மட்டும் கூடி, பை சாய்ந்து தொங்கும்.

இரண்டாவது கயிறு போகும்போது ஊக்கு முதல் கயிற்றைக் குத்திவிடலாம். அப்படி ஆனால் இரண்டும் பின்னிக்கொண்டு நகராது. ஊக்கை நன்றாகப் பூட்டி, முதல் கயிற்றை இழுத்து நேராக வைத்துவிட்டுக் கோர்த்துவிடுங்கள்.

முடிச்சுப் போடுவதற்கு முன் பையை முழுதாகத் திறந்து வையுங்கள். மூடிய நிலையில் முடிச்சுப் போட்டால் திறக்கும்போது கயிறு போதாது. முடிச்சின் நுனியில் ஒரு மணியோ, தனியாக வைத்த பார்டர் துண்டில் சின்னக் குஞ்சமோ கட்டலாம். கயிறு உள்ளே ஓடிப்போகாமல் இருக்க அது உதவும்.

10. கொடுக்கும் நாளில்

வெற்றிலையை ஈரமாக உள்ளே வைக்காதீர்கள். துடைத்து, சின்ன வாழையிலைத் துண்டில் சுற்றி வையுங்கள். பட்டில் தண்ணீர் பட்ட இடம் திட்டாக நிற்கும். குங்குமத்தைக் காகிதப் பொட்டலமாக மடிக்காமல் மூடி உள்ள சின்ன டப்பியில் கொடுங்கள். தேங்காய் உருளும்போது பொட்டலம் பிரிந்துவிடும், கறை காடாவையும் தாண்டி வெளியே வரும்.

வைக்கும் வரிசையும் உண்டு. அடியில் ரவிக்கைத் துணியை மடித்துப் போடுங்கள், தேங்காய்க்கு அது மெத்தை. அதன் மேல் குடுமி மேலே பார்க்கத் தேங்காய். கண்ணாடியும் சீப்பும் பக்கத்தில், வெற்றிலைச் சுருள் எல்லாவற்றுக்கும் மேலே. தேங்காயைக் கடைசியாகப் போட்டால் கண்ணாடி உடையும்.

காலையிலேயே எல்லாப் பையையும் நிரப்பி வைக்க வேண்டாம், வெற்றிலை வாடிவிடும். மற்றதை எல்லாம் வைத்துத் தயாராக அடுக்கிவிட்டு, யாராவது வந்து உட்கார்ந்த பிறகு வெற்றிலையை வைத்துக் கயிற்றை இழுத்தால் போதும்.

உறவினர்களுக்கு என்று தைத்ததில் ஒன்றிரண்டைத் தனியாக எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் அரக்குப் புடவையில் தைத்த பையை வாங்கிய சித்தி, அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அக்கா என் கல்யாணத்துக்குக் கட்டினதாச்சே" என்றார். அவருடைய தங்கைக்கும் ஒன்று கேட்டு வாங்கிப் போனார். அதிலிருந்து எந்தப் புடவையில் தைத்தாலும் இரண்டு பை கூடுதலாகத் தைத்து வைக்கிறேன்.